ரப்பர் ஒட்டிய பலா

இல்லை. அந்த மரத்தை ரப்பர் காப்பாற்றவில்லை. நான் அதைக் கொல்லவும் பார்க்கவில்லை.

போன வாரம் நம் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் படம் போட்டான். எங்கள் பழைய குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், அதே பலா. அடிமரத்தில் நீளமாக ஒரு தழும்பு. படத்துக்குக் கீழே என்னைச் சுட்டி எழுதியிருந்தான்: ‘ஞாபகம் இருக்கா? இவளோட அப்பா கன்வேயர் ரப்பர் ஒட்டிப் பொழைக்க வச்ச மரம்.’ உடனே கைதட்டல்கள், இதயங்கள். ‘அங்கிள் கிரேட்’ என்றாள் ஒருத்தி. ‘அதுக்கு முன்னாடி இவதானே காம்பஸால குத்திக் கொல்லப் பார்த்தா’ என்று இன்னொருவன் சிரித்த முகத்தோடு சேர்த்தான்.

ஐம்பதை நெருங்குகிறோம், தோழர்களே. மாடிப்படியில் முட்டி பேசுகிறது. மருந்துச்சீட்டு படிக்கக் கண்ணாடி தேடுகிறோம். இந்த வயதிலுமா அதே கதை? குழுவில் பதில் எழுத நான்கு முறை விரலை வைத்தேன். அங்கே இடம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன். பிடித்தால் படியுங்கள். பிடிக்காதவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்கிறீர்கள். எது ஞாபகம் இருக்கிறது? ஆடிக் காற்றில் ஜன்னல் விளிம்பில் வந்து படியும் பழுப்பு நிலக்கரித் தூள், அதில் விரலால் கோடு இழுத்தால் நகக்கண்ணில் ஏறும் கறுப்பு, சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரத்தில் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இலேசாகத் தொட்டுக்கொள்ளும் சத்தம். காயப்போட்ட யூனிஃபார்மை நம் அம்மாக்கள் மூன்று தடவை உதறி, நான்காவது தடவை சலித்துக்கொண்டு உதறுவது. தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் மிதியடி ஒரே மாதிரி, கறுப்பாக, தடிமனாக, ஓரத்தில் நூல் பிரிந்து இருக்கும். கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டின் துண்டு. அதில் எங்கள் வீட்டுத் துண்டு மட்டும் மூலைகள் வட்டமாக வெட்டப்பட்டிருக்கும். ஏனென்றால் என் அப்பாவுக்கு அதுதான் தொழில்.

சுரங்கத்தில் மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட் கிழிந்தால் ஒட்டுகிறவர் அப்பா. வல்கனைசிங் பிரிவு. கிழிசலைச் சுரண்டுவார், சொல்யூஷன் தடவுவார், ரப்பர் வைத்து அழுத்துவார். அவர் ஒட்டிய இடத்தின் மேல் மலை மலையாக மண் போகும், ஒட்டு பிரியாது. வீட்டிலும் அவர் ஒட்டாத பொருள் இல்லை. வாளி, செருப்பு, என் தண்ணீர்ப் பாட்டில், ஒருமுறை அம்மாவின் பிரஷர் குக்கர் பிடி. உடைந்த எதையும் உடைந்ததாக விட்டுவைக்க அவரால் முடியாது. நல்ல குணம்தான். அந்த வருஷம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பலா யாரும் நட்டதல்ல. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் தின்றுவிட்டுத் துப்பிய கொட்டையாக இருக்கலாம். வேருக்குப் பக்கத்திலேயே காய்க்கும், பழம் மண்ணில் கன்னம் வைத்துப் படுத்திருக்கும். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பத்து வயது. பள்ளி விட்டு வந்ததும் அதன் அடியில் சாய்ந்து உட்கார்வேன், இருட்டும் வரை அங்கேதான். அதற்கு முந்தைய வருஷம் ஒரு நாள், ஜியோமெட்ரி பாக்ஸ் புதிதாக வாங்கிய பெருமையில், காம்பஸ் முனையால் என் பெயரின் முதல் எழுத்தைப் பட்டையில் கீறினேன். கீறினேன், ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஓர் எழுத்து. மரம் வெள்ளையாக நாலு சொட்டுப் பால் விட்டது, காய்ந்தது, மறந்துவிட்டது.

ஆடி பிறந்த வாரம். சாய்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். உள்ளே போனதும் அம்மா கத்தினாள்: “முதுகுல என்னடி? காப்பியில உருண்டியா?” வெள்ளைச் சட்டையின் பின்னால் பழுப்புக் கறை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். அடிமரத்தில், என் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அளவுக்குப் பட்டை கருத்திருந்தது. ஓரம் வெடித்து, வெடிப்பிலிருந்து செம்பழுப்பாக ஒரு நீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டேன். பிசுபிசுப்பு. மோந்தேன். ஊசிப்போன மாவின் புளிப்பு. மரம் அழுகிறது என்று சொல்லத் தோன்றியது எனக்கு. அழவில்லை அது, அழுகிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் எனக்கு அப்போது வித்தியாசம் தெரியாது.

அந்தக் கறுப்புக்கு ஒரு சாண் மேலே என் எழுத்து இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. அப்பா, அம்மா, எதிர்வீட்டு அங்கிள், ஆன்ட்டி. அங்கிள் எலக்ட்ரிக்கல் பிரிவு. உலகத்தில் எந்தக் கோளாறும் அவருக்கு ஒயர் கோளாறுதான்.

“இது யாரு கிறுக்கினது?” என்று எழுத்தைக் காட்டினார் அப்பா.

“நான்தான். ஆனா அது போன வருஷம்ப்பா.”

“பாத்தீங்களா சார்,” என்றார் அங்கிள். “மேலேர்ந்து கீழ வர்ற மெயின் லைன்ல குத்திட்டா. சப்ளை கட். அதான் கீழ லீக் ஆவுது.”

“பொம்பளப் புள்ள கையில காம்பஸ் எதுக்கு?” என்றாள் ஆன்ட்டி. ஏதோ பாடத்திட்டத்தை நான் போட்ட மாதிரி.

“நான் குத்துனது மேல. கீழதானே புண்ணு இருக்கு?” என்றேன்.

“எதிர்த்துப் பேசாத,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான் விசாரணை. அன்று சாயங்காலமே நீங்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள். மரங்கொல்லி. ஓடிப்பிடித்து விளையாடும்போது மரங்கொல்லி, பள்ளிப் பேருந்தில் மரங்கொல்லி. எந்த வீட்டுத் தோட்டத்துக்குள் நான் போனாலும், “ஐயோ, எங்க கொய்யா மரத்தை விட்டுடுடி” என்று ஒருத்தி முந்தானை இல்லாமலே முந்தானையை வாயில் வைத்து நடிப்பாள். அவள் இப்போது குழுவில் தினமும் ‘நட்பே வரம்’ என்று பூங்கொத்துப் படம் அனுப்புகிறவள். அம்மணி, மறக்கவில்லை நான்.

நீங்கள் சிரித்தது கூடப் பரவாயில்லை. நானே நம்ப ஆரம்பித்தேன், அதுதான். ஒவ்வொரு நாளும் பள்ளியிலிருந்து வந்து முதலில் கறுப்பை விரலால் அளப்பேன். ஆறு விரல், ஏழு விரல், எட்டு. அது வளர வளர நான் சின்னதாகிக்கொண்டிருந்தேன். மரம் செத்தால் சாகும்வரை என் பெயர் அதுதான்.

அடுத்த ஞாயிறு அப்பா வேலையில் இறங்கினார். பையிலிருந்து கம்பி பிரஷ் எடுத்து, கறுத்த பட்டையைத் தூள் பறக்கத் தேய்த்தார். சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். சைக்கிள் பஞ்சர் கடையில் நாம் மூக்கைச் சுளித்துக்கொண்டே இழுத்து இழுத்து மோப்போமே, அந்த வாசனை, பத்து மடங்கு. ஒரு கோட் தடவி, விசிறியால் வீசி, தொட்டுப் பார்த்து, இன்னொரு கோட். பிறகு பெல்ட் ரப்பரை அளந்து வெட்டினார், மூலைகளை வட்டமாக. “மூலை கூரா இருந்தா அங்கேருந்துதான் உரியும்,” என்று எனக்குச் சொன்னார், கோபமெல்லாம் மறந்து. உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, ஒரு குமிழி இல்லாமல் காற்றை வெளியேற்றினார். அழகாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அத்தனை அழகாக இருந்தது. தெருவே வந்து தட்டிப் பார்த்தது.

“இனிமே சொட்டு வராது,” என்றார் அப்பா.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “அத்த மூடாதீங்க சார்.”

பெருக்குகிற அக்கா. நம் தெருவைக் காலையும் மதியமும் தென்னந் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு போவாளே, அவள். தோட்டப் பிரிவின் கான்ட்ராக்ட் ஆள். காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். உதிர்ந்த பலா இலையைத் தனியாகக் கோணியில் அமுக்கி, ஆட்டுக்கு என்று எடுத்துப் போவாள். அன்றைக்கு ஏன் ஞாயிற்றுக்கிழமை வந்தாள் என்று தெரியாது, யாருக்கோ பதில் டூட்டியாக இருக்கலாம்.

“பட்டைச் சீக்கு சார் அது. புண்ணு உள்ள ஓடிகினு இருக்குது. செத்த பட்டையச் சீவி எடுத்துட்டு காத்தாட வுடணும். மூடி வச்சா உள்ளயே வெந்துடும்.”

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிள்தான் பார்த்தார். “ஏம்மா, பெல்ட்டு மேல டன் டன்னா மண்ணு போவுது, அதுவே தாங்குது. மரம் தாங்காதா? கான்ட்ராக்ட்டு வந்து பர்மனென்ட்டுக்குப் பாடம் எடுக்குது பாருங்க சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நானும். மரங்கொல்லி என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து வேறொருத்தியைப் பார்த்துச் சிரிக்கக் கிடைத்த வாய்ப்பை நான் விடுவேனா? அவள் கோணியைத் தலையில் வைத்துக்கொண்டு, “உங்க மரம், உங்க ரப்பரு. நமக்கு எலை வந்தா சரி” என்று போய்விட்டாள்.

சொட்டு நின்றது. இரண்டு வாரம் அப்பா தெருவில் நிமிர்ந்து நடந்தார். மூன்றாவது வாரம் ரப்பர் கீழ்ப்பக்கத்தில் உப்பியது, தலையணைக்குள் எலி போனது மாதிரி. ஆவணி முடிவதற்குள் மரத்தின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகியது. தெருவிளக்குப் பக்கம் இருந்த கிளைகள் ஒவ்வொன்றாக மொட்டை. நுனியிலிருந்து காய்ந்துகொண்டே உள்ளே வந்தன. விழுந்த இலைகளை ஆடு கூடத் தின்னவில்லை என்று பெருக்குகிற அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள், எங்கள் வீட்டைப் பார்க்காமல்.

காலாண்டு விடுமுறை தொடங்கிய அன்று தோட்டப் பிரிவு சூப்பர்வைசர் வந்தார். குடை, நோட்டுப் புத்தகம், அரைக்கை வெள்ளைச் சட்டை. மரத்தைச் சுற்றி வந்தார், ரப்பரைத் தட்டினார், முகத்தைச் சுளித்தார். கூட வந்த ஆள் சிவப்புப் பெயின்டில் அடிமரத்தில் பெருக்கல் குறி போட்டான்.

“இது காளான் இனம்மா, கண்ணுக்குத் தெரியாத காளான்,” என்றார் அம்மாவிடம். “மழை பிடிச்சா சாரல்ல பக்கத்து மரத்துக்கெல்லாம் போயிடும். இப்பவே மாமரத்துல ரெண்டு கேஸு பாத்துட்டு வர்றேன். அடுத்த திங்கக்கிழமை ஆள் வந்து வெட்டிடுவாங்க. கொடித் துணியெல்லாம் எடுத்து வச்சிடுங்க.”

“காளானா? அப்போ காம்பஸ் இல்லையா?” என்றேன்.

“எந்தக் காம்பஸ்?”

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காளான் என்று அவர் சொன்னதை நான் தெருவெல்லாம் சொன்னேன். “காளான் உள்ள போக ஓட்டை போட்டது யாரு?” என்று கேட்டது நம் இரட்டையரில் மூத்தவள். திங்கட்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது.

மறுநாள் மதியம் பெருக்குகிற அக்கா தெருமுனைக் குழாயடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். நான் போய் எதிரே நின்றேன்.

“இன்னா பாப்பா?”

“மரத்தை நான்தான் கொன்னேனா?”

அவள் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “காம்பஸு குத்துனதுக்கா அவ்ளோ பெரிய மரம் சாவும்? அப்போ எங்க முந்திரித் தோப்புல ஆடு ஒரசுனதுக்கே எல்லாம் செத்து வெறகாயிருக்கணும்.”

“பொழைக்க வைக்க முடியுமா?”

“முடியும். உங்க அப்பாரு கேக்க மாட்டாரே.”

“நீங்க செய்ங்க.”

“நானா? மார்க்கு போட்ட மரத்துல கை வச்சேன்னு தெரிஞ்சா, மேஸ்திரி நாளையிலேர்ந்து வராதன்னுடுவாரு. நாங்க ஒங்க அப்பா மாதிரி இல்ல பாப்பா. எங்கள நிறுத்துறதுக்குக் காகிதம் கூடத் தேவையில்ல.”

நான் நகரவில்லை. அவள் சாப்பிட்டு, கழுவி, மூடி போட்டு முடித்தாள். நான் அங்கேயே நின்றேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை, நிற்பதைத் தவிர. கடைசியில் அவளே சலித்துக்கொண்டாள். “அம்மாவ வரச் சொல்லு. தொட மாட்டேன். சொல்றேன். சொல்றதுக்கு யாரும் வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க.”

அம்மா வந்தாள். எப்படி வந்தாள் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். ரப்பருக்கு அடியிலிருந்து வந்த நாற்றம் சமையலறை வரை வந்துவிட்டது, அதனால் இருக்கலாம். என் முகத்தினால் இருக்கலாம். குழாயடியில் நின்றே கேட்டுக்கொண்டாள், பஜாருக்கு நடந்தாள். உரக்கடை பாய், “மயில்துத்தமா? எந்தத் தோட்டத்துக்கும்மா? குவார்ட்டர்ஸுல திராட்சை போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். “பலாவுக்கு பாய்,” என்றாள் அம்மா. அவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, “இரும்பு வாளியில கரைக்காதீங்க, ஓட்டையாயிடும்” என்றார். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். அந்த நீலத்தை நீங்கள் பார்த்ததில்லை. உடைந்த கண்ணாடி மாதிரி, உள்ளே விளக்கு எரிகிற மாதிரி நீலம். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வரை அம்மாவின் பின்னாலேயே நடந்தேன்.

சனிக்கிழமை இரவு துத்தத்தைத் துணியில் முடிந்து பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் தொங்கவிட்டாள் அம்மா. எடைக்கு எடை சுண்ணாம்பை மண்சட்டியில் தனியாக நீர்த்தாள், புஸ்ஸென்று கொதித்தது. அப்பா பார்த்துக்கொண்டே பத்திரிகை படித்தார். “நாளைக்கு உங்களுக்கு வீக்லி ஆஃப்தானே?” என்றாள் அம்மா. “கத்தியைத் தீட்டி வைங்க.” அப்பா பத்திரிகையை மடித்துவிட்டுச் சாணைக்கல்லைத் தேடினார்.

ஞாயிறு காலை பெருக்குகிற அக்கா தன் விடுமுறையில், தன் காசில் பஸ் ஏறி வந்தாள். நல்ல புடவை, தலையில் பூ வேறு. மரத்துக்கு ஐந்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். “நான் தொடல. எல்லாரும் பாத்துக்குங்க,” என்றாள்.

அப்பா ரப்பரின் ஒரு மூலையை நெம்பினார். அவர் ஒட்டு அவருக்கே எளிதில் விடவில்லை. உரிந்தபோது குப்பென்று அடித்த நாற்றத்தில் ஆன்ட்டி உள்ளே ஓடிவிட்டாள். உள்ளே பட்டை கூழாகிக் கிடந்தது, ஈரமாக, கறுப்பாக, புழு நெளிய. ஒரு சாண் இருந்தது மூன்று சாணாகியிருந்தது. காற்று புகாத அந்த இருட்டில் காளான் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறது. அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

“சீவுங்க சார்,” என்றாள் அக்கா. “கறுப்பு போவட்டும். ம்ம். பழுப்பு வருதா? பழுப்பும் செத்ததுதான். இன்னும். பயப்படாதீங்க, நல்ல தோலு வர்ற வரிக்கும் போவணும். ஓரத்துல பால் மாதிரி வெளுப்பா வரும் பாருங்க, அங்க நிறுத்துங்க. துண்ட கீழ போடாதீங்க, அதுல இருந்துதான் மறுபடி வரும். பாப்பா, பொறுக்கு, கொளுத்தணும்.”

பெல்ட் அறுக்கும் கொக்கிக் கத்தியால் அப்பா சீவிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு அங்கிள் சுவர் மேல் கை ஊன்றி நின்றார். “என்ன சார், கான்ட்ராக்ட்டு டூட்டி போடுது, பர்மனென்ட்டு வேலை பார்க்குது?” அப்பாவின் காது சிவந்தது. கத்தி நிற்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் மதிப்பெண் தருவேன்.

அப்போதுதான் கத்தி ‘டங்’கென்றது.

பட்டைக்கு உள்ளே, சதைக்குள் புதைந்து, துருப்பிடித்த கம்பி. அப்பா கத்தி முனையால் தோண்டத் தோண்ட அது மரத்தைச் சுற்றிப் போனது. கொடிக்கம்பி. நாங்கள் குடிவந்த புதிதில் துணி காயப்போட அப்பா மரத்தில் இறுக்கி முறுக்கிய முதல் கம்பி. பிறகு உயரம் போதாதென்று மேலே புதுக் கம்பி கட்டினார், பழைய வளையத்தை அப்படியே விட்டுவிட்டார். மரம் பருத்தது, கம்பி பருக்கவில்லை. அறுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது, வருஷக் கணக்கில். சீவிய இடமெல்லாம் தெளிவாகத் தெரிந்தது: கம்பி அறுத்த வரியிலிருந்துதான் கறுப்பு தொடங்கி, மேலே கொஞ்சமும் கீழே நிறையவும் ஓடியிருந்தது. என் எழுத்துக்குப் பக்கத்தில் கூட அது வரவில்லை. என் எழுத்து சுற்றிலும் நல்ல தோலோடு, பழைய அம்மைத் தழும்பு போல, சும்மா இருந்தது.

“ஓட்ட போட்டது இதான்,” என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தாள். அங்கிளுக்குத் திடீரென்று உள்ளே வேலை வந்தது. தோழர்களே, நீங்கள் ஆறேழு பேர் சுவரோரம் நின்றீர்கள். ஒருவராவது ‘அப்போ அவ இல்ல’ என்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். “பட்டாணி சுண்டல் வந்துடுச்சு டோய்” என்று கத்திக்கொண்டு ஓடினீர்கள்.

துத்தத் தண்ணீரையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கலக்கினோம். வானம் கட்டியாகிவிட்ட மாதிரி ஒரு பசை. “கத்திய வுட்டுப் பாருங்க,” என்றாள் அக்கா. அப்பா சுத்தமான கத்தியை நனைத்து எடுத்தார், முனையில் செம்பு நிறம் ஏறியிருந்தது. “காரம் இருக்குது, மரத்தைச் சுட்டுடும். இன்னும் சுண்ணாம்பு போடு பாப்பா.” மூன்றாவது தடவை கத்தி வெள்ளையாகவே வெளியே வந்தது. அம்மா தென்னை மட்டையை நசுக்கிப் பிரஷ்ஷாக்கி, புண் முழுக்கத் தடவினாள். சிவப்புப் பெருக்கல் குறியின் மேலும் நீலம் ஏறியது.

திங்கட்கிழமை. கோடரி, கயிறு, நான்கு ஆட்கள், மேஸ்திரி, குடையோடு சூப்பர்வைசர். விழும் கிளைகளை அள்ள பெருக்குகிற அக்காவையும் கூட்டி வந்திருந்தார்கள். அப்பா செகண்ட் ஷிப்டு, வீட்டில்தான் இருந்தார். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க நின்றது.

சூப்பர்வைசர் நீலத்தைப் பார்த்தார். “யாரு பண்ணது இதை? மார்க் பண்ண மரத்துல யாரு கத்தி வச்சது?”



மேஸ்திரி மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். “நேத்து நீ இந்தப் பக்கம் வந்தியாமே? டீக்கடையில சொன்னாங்க.”

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “நான் தொடலீங்க,” என்றாள். அது உண்மை. ஆனால் அந்தக் குரலில் அது பொய் மாதிரி கேட்டது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். தெருவே பார்த்தது. ‘என் கத்தி, நான்தான் சீவினேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. மிஞ்சிப்போனால் ஒரு மெமோ. அவர் பர்மனென்ட். மெமோவுக்குப் பயந்து அவர் நிற்கவில்லை, இப்போது எனக்குத் தெரிகிறது. ஏன் சீவினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ரப்பரைச் சொல்ல வேண்டும், கம்பியைச் சொல்ல வேண்டும், அத்தனை பேர் முன்னால். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், நன்றாக ஒட்டப்பட்ட செருப்பை.

“நான்தான்,” என்றேன்.

மூன்று மாதமாக நான் இல்லை, நான் இல்லை என்று கத்தியவள். செய்யாததை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சாப்பிடாமல் படுத்தவள். இப்போது செய்யாததை நானே எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா!

சூப்பர்வைசர் சிரித்தார். “நீயா? துத்தம்னா என்னன்னு தெரியுமா பாப்பா உனக்கு?”

“துணியில முடிஞ்சு தொங்க விடணும். பிளாஸ்டிக் வாளியில. இரும்பு கூடாது. சுண்ணாம்பு தனியா நீர்த்து எடைக்கு எடை சேக்கணும்.”

சிரிப்பு பாதியில் நின்றது. “கலவை சரியான்னு எப்படிப் பார்ப்ப?”

“கத்திய நனைச்சுப் பார்க்கணும். செம்பு ஏறினா சுண்ணாம்பு பத்தலை.”

“எவ்வளவு ஆழத்துக்குச் சீவணும்?”

“நல்ல தோல் வர்ற வரைக்கும். பழுப்பும் செத்ததுதான். சீவின துண்டெல்லாம் கொளுத்திட்டோம். அதோ சாம்பல்.”

அவர் குனிந்து புண்ணின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். வெளுத்த தோல். நாற்றம் இல்லை. உள்ளே கம்பி இருந்த பள்ளத்தை விரலால் தொடர்ந்து போனார். நிமிர்ந்து அப்பாவை ஒரு தரம் பார்த்தார், எல்லாம் தெரிந்த பார்வை. ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரியிடம், “மழை முடியட்டும். தை மாசம் பார்ப்போம். கயித்தைச் சுருட்டு” என்றார். போகும்போது அக்காவிடம், “நீ ஏம்மா நிக்கிற? அடுத்த தெரு பெருக்கலையா?” என்றார். அவள் நடந்தாள். சுவர் திரும்புகிற இடத்தில் ஒரு தரம் என்னைப் பார்த்து, நாக்கைக் கடித்து, தலையை ஆட்டினாள். பொய் சொன்னதற்குத் திட்டு அது. நன்றியும் அதுதான்.

தை மாதம் புண்ணின் விளிம்பில் புதுப்பட்டை உதடு போலச் சுருண்டு உள்ளே வர ஆரம்பித்திருந்தது. மொட்டைக் கிளைகளை மட்டும் வெட்டினார்கள். மூன்றாம் வருஷம் காய்த்தது. அக்கா அதற்குள் வேறு பிளாக்குக்குப் போயிருந்தாள். அவளோடு சேர்த்து ஆட்களையெல்லாம் மாற்றிப் போட்டார்கள், வேறு காரணமில்லை. அவள் பெயர் எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவருக்கும் தெரியாது. ‘அங்கிள் கிரேட்’ என்று எழுதிய விரல்களே, அவள் பெயரை எழுதுங்கள் பார்ப்போம்.

அந்தத் திங்கட்கிழமை அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை, லீவ் போட்டுவிட்டார். சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு சாப்பிட உட்கார்ந்தோம், அவரும் நானும் எதிரெதிரே. அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். முதல் தோசையை நான் தின்று முடித்தேன்.

“நீ ஏன் அப்படிச் சொன்ன?” என்றார் அப்பா. கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல.

“நீங்க சொல்லலியேப்பா.”

கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம். அடி விழும் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அவர் காலித் தட்டில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். பரிதாபமாக இருந்தது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

“அம்மா, எனக்கு இன்னொண்ணு,” என்று தட்டை நீட்டினேன்.

அப்பாவுக்கென்று கல்லில் முறுகிக்கொண்டிருந்ததை எடுத்து அம்மா என் தட்டில் போட்டாள்.